பன்னிரண்டு ஜாடிகளின் மூச்சு

மீட்டரம்மாவுக்குத் தன் நாத்தனார் மேல் சந்தேகம் வந்தது சோதனை தொடங்கிய எட்டாம் நாள் மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. இத்தனை துல்லியம் எதற்கு என்று கேட்கக் கூடாது. துல்லியம்தான் அவளுக்குப் பிழைப்பு.

வாழைக்காய்களை வாங்கிப் பதம் பார்த்து ஊர் ஊராக அனுப்பும் ஒரு பெரிய கிடங்கின் மாடியில், சோதனை அறை அவள் பொறுப்பில் இருந்தது. இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது, அவ்வளவுதான் அறை. சுவரோரமாக இரண்டு தட்டுகளில் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீப்பு பச்சைக் காய். ஜன்னல் சட்டத்தில் போட்ட ஓட்டை வழியாக ஒரு ரப்பர் குழாய் வெளிக்காற்றை இழுத்து வரும். அந்தக் காற்று ஜாடிகளுக்குள் புகுந்து காய்களைத் தடவிவிட்டு மீட்டருக்குப் போகும். காற்றில் கரியமில வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை மீட்டரின் பேனா ஒரு காகிதச் சுருளில் கோடாகக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

பறித்துவிட்டால் காய் செத்துப்போய்விடுவதில்லை. அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பச்சையாக இருக்கும்வரை தூங்குகிற குழந்தையைப் போல மெதுவாக விடும். பழுக்கத் தொடங்கிய அன்று, நாலு மாடி ஏறி வந்தவரைப் போல அதற்கு மூச்சு வாங்கும். கூடவே உள்ளே இருக்கும் என்சைம்கள் விழித்துக்கொண்டு வேலையில் இறங்கிவிடும். ஒன்று மாவைச் சர்க்கரையாக்கும், ஒன்று தோலின் பச்சையைத் தின்னும், ஒன்று சதையை இளக்கும். அதன் பிறகு யார் கையைக் காலைப் பிடித்தாலும் நிற்காது.

அதை நிறுத்தி வைக்கத்தான் மீட்டரம்மா மூன்று வருடமாக மாய்ந்துகொண்டிருந்தாள். காயின் தோல்மேல் பூசுகிற ஒரு மெழுகுக் கரைசல் அவளுடைய கண்டுபிடிப்பு. பூசிய காய்கள் இந்த ஜாடிகளுக்குள் இருபத்தெட்டு நாள் தூங்கிவிட்டால் போதும், சரக்கைக் கப்பலில் ஏற்றி எத்தனை தூரம் வேண்டுமானாலும் அனுப்பலாம். அவளும் தலைமைச் சோதனையாளர் ஆவாள். பதினோரு வருடமாக அவள் எழுதிய அறிக்கைகளின் அடியில் வேறு யார் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த ஒன்றிலாவது தன் கையெழுத்து இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்ன, வெறி.

கீழ்த்தளம் நாத்தனாரின் ராஜ்யம். நாற்பத்தொரு வயதாகியும் வீட்டிலும் வேலையிலும் அவளுக்குப் பெயர் பாப்பாதான். பச்சைக் காய்களை மூடிய அறைகளில் அடுக்கி, எத்திலீன் வாயு கொடுத்து, ஒரே மாதிரி மஞ்சளாகப் பழுக்க வைப்பது பாப்பாவின் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் புருஷனோடு ஒத்துவராமல் இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, கூட்டிக்கொண்டு போய் இந்த வேலையில் சேர்த்துவிட்டதே மீட்டரம்மாதான். காய்கள் பச்சையாகவே கப்பலேறினால் போய்ச் சேருகிற இடத்தில்தான் பழுக்க வைப்பார்கள். அப்புறம் பாப்பாவின் ஆறு அறைகளில் மூன்றையாவது பூட்ட வேண்டியிருக்கும். இது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும்.

எட்டாம் நாள் அந்த நேரத்தில், பத்து நிமிடமாகப் பேனா ஒரு சின்ன மேடு போட்டிருப்பதை மீட்டரம்மா கவனித்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே பாப்பா பழுக்கும் அறையின் கதவுகளை விரியத் திறந்து மின்விசிறியை ஓட விட்டிருந்தாள். அடைத்து வைத்த அறையில் ஆயிரக்கணக்கான காய்கள் விட்ட மூச்சு தேங்கி நிற்கும், தினமும் ஒருமுறை அதை வெளியேற்றியாக வேண்டும். ஆனால் பாப்பா அதைக் காலை ஏழு மணிக்கே முடித்துவிடுவாள். இன்றைக்கு மட்டும் ஏன் மதியம்? அதுவும் தன் குழாய் மூச்சிழுக்கும் ஜன்னலுக்கு நேர் கீழே? அந்தக் காற்றில் எத்திலீனும் கலந்து வருமே?

ஜன்னலிலிருந்து ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டில் காய்கறி நறுக்கிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள்.

"இன்னைக்கு ரூமை லேட்டாத் தொறந்தாப்ல இருக்கு?"

"ஆமா அண்ணி. காலைல கரண்ட் இல்லல்ல, ஃபேன் ஓடல."

"ஓஹோ" என்றாள் மீட்டரம்மா. மாடியில் கரண்ட் இருந்ததே! சோதனை அறைக்குத் தனி பேட்டரி உண்டு, கரண்ட் போனாலும் வந்தாலும் அங்கே தெரியாது. இது அவளுக்கு மனப்பாடமான விஷயம். அன்று சாயங்காலம் மட்டும் அது நினைவுக்கு வர மறுத்துவிட்டது.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், சோதனை அறைக்குள் ஜாடிகளுக்குப் பக்கத்தில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள்.

"கத்தரிக்கோல் இருக்குமான்னு பாக்க வந்தேன் அண்ணி."

கீழே மூன்று கத்தரிக்கோல் இருப்பது மீட்டரம்மாவுக்குத் தெரியும். தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். பாப்பா படியிறங்கியதும் கதவைச் சாத்தினாள், குழாயை ஜன்னல் ஓட்டையிலிருந்து உருவி அறைக்குள்ளேயே தொங்கவிட்டாள், ஓட்டையின் மேல் பழுப்பு டேப்பை நாலு அடுக்காக ஒட்டினாள். இனிமேல் வெளிக்காற்றே வேண்டாம், அறைக்காற்று போதும். கதவைச் சாத்திக்கொண்டு தானே உள்ளே உட்காருவது, எவள் வருகிறாள் என்று பார்த்துவிடுவது.

பத்தாம் நாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் தொடங்கியது. காலை எட்டு மணிக்கு அறையைத் திறந்ததும் வெறும் காற்றை ஒருமுறை அளந்து குறித்துக்கொள்வாள். பிறகு பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் ஜாடிகளின் அளவை எடுத்து, காலை அளவைக் கழித்து, மிச்சத்தை நோட்டில் எழுதுவாள். பதினோரு வருடமாக இப்படித்தான். முன்பெல்லாம் அளவெடுத்ததும் எழுந்து போய்விடுவாள். இப்போது முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள், அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே கொட்டாவி விட்டாள்.

அளவு ஏறியது. பதினொரு மணிக்கு ஏறியிருந்தது, நாலு மணிக்கு இன்னும் ஏறியிருந்தது. பன்னிரண்டு ஜாடியும் ஒன்று போல ஏறின. எட்டாம் நாள் அனுப்பிய வாயு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள்.

வீட்டில் பாப்பா கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். "ஜாடியெல்லாம் எப்படி இருக்கு அண்ணி?" என்று விசாரித்தாள். எதற்கு விசாரிக்கிறாள்? விசாரிக்காமல் இருந்த நாளில், ஏன் விசாரிக்கவில்லை?

"அவ எதுக்கு அப்படிப் பண்ணப்போறா?" என்றார் வீட்டுக்காரர்.

"மூணு ரூமை மூடிடுவாங்களே, அதுக்கு."

"நீ வேற. அவளுக்கு ஒரு பல்லியை அடிக்கவே கை வராது."

"பல்லியை அடிக்கறதுக்கு யாரும் பதவி குடுக்கறதில்ல."

வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் அவருக்கு இருந்த ஒரே மறைவிடம் அதுதான்.

பதினாலாம் நாள் ஒரு ஜாடியிலிருந்து ஒரு காயை எடுத்து, வட்டமாக நறுக்கி, அயோடின் கரைசலில் தோய்த்தாள். மாவு இருக்கிற இடமெல்லாம் கறுத்துப்போகும், சர்க்கரையாக மாறிய இடம் வெளுத்தே இருக்கும். இத்தனை மூச்சு வாங்குகிற காய் பாதியாவது வெளுத்திருக்க வேண்டும். வில்லையோ நடுவிலிருந்து விளிம்புவரை மை கொட்டியதைப் போலக் கறுத்தது. முழு மாவு. ஒரு என்சைமும் கண் திறக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் மீட்டரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். மீட்டரம்மா மீட்டரைச் சந்தேகப்படுவாளா? பாப்பா காயை மாற்றி வைத்துவிட்டாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பழுக்கிற காயை எடுத்துக்கொண்டு, தடயம் தெரியாமல் இருக்கப் புதுக் காயை வைத்திருக்கிறாள். எப்படி, எப்போது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பது அவளை நிறுத்தவில்லை. ஒவ்வொரு காயின் காம்பிலும், சீப்போடு ஒட்டுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தாள்.

பதினைந்தாம் நாள் மதியம் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைப் பாப்பா மாடிக்குக் கொண்டுவந்தாள். கதவைத் திறந்த மீட்டரம்மா டப்பாவை வாங்கவில்லை.

"உள்ள வா. கதவைச் சாத்து. இந்த ஜாடில கைய வச்சியா இல்லயா? நேராச் சொல்லு."

"என்ன அண்ணி பேசறீங்க?"

"சோத்தை எடுத்துட்டு வர்ற சாக்குல எதுக்கு வந்த?"

"சாக்கா? நீங்க பட்டினி கெடப்பீங்களேன்னு வந்தேன். அது தப்பா? ஆறு வருஷமா உங்க வீட்டுல இருக்கேங்கறதுக்காக எதை வேணா சொல்லுவீங்களா?"

சாத்திய அறைக்குள் இருவரும் பத்து நிமிடம் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆறு வருடத்துக் கதையெல்லாம் வெளியே வந்தது. பாப்பா டப்பாவைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்று நாலு மணிக்கு எடுத்த அளவு முந்தைய எல்லா நாளையும்விட அதிகமாக இருந்தது. பாப்பா வந்துபோன அன்றைக்கே! கையும் களவுமாகப் பிடித்ததாகவே மீட்டரம்மா நினைத்தாள்.

பதினேழாம் நாள் மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். தேதி, நேரம், அளவு எல்லாம் வரிசையாக இருந்தன. எண்களைப் பார்த்ததும் மேனேஜர் பாப்பாவிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை காய் தரம் பிரிக்கிற பெல்ட்டில் நிற்கச் சொன்னார். இருபத்தொன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் பாப்பாவுக்கு வேலை போகும். கெட்ட பெயரோடு போகிறவளைப் பக்கத்துக் கிடங்குகூட வாசலில் நிற்க விடாது.

பாப்பா மாடிப் பக்கம் வரவே வழியில்லை, ஆனாலும் அளவு இறங்கவில்லை. அப்படியானால் கூட்டாளி யாரோ இருக்கிறார்கள் என்று மீட்டரம்மா நினைத்தாள். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரை இரண்டு நாள் முறைத்தாள். இருபதாம் நாள் மறுபடி ஒரு காயை நறுக்கினாள். காம்பில் சிவப்புப் புள்ளி இருந்தது, அவள் வைத்ததேதான். யாரும் மாற்றவில்லை. அயோடினில் தோய்த்ததும் வில்லை விளிம்புவரை கறுத்தது.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள் காலை, விசாரணைக்குக் காட்ட வேண்டும் என்று காகிதச் சுருளைத் தரையில் பிரித்துப் போட்டாள். இத்தனை நாளும் பதினொரு மணி எண்ணையும் நாலு மணி எண்ணையும்தான் நோட்டில் எழுதியிருந்தாள். முழுக் கோட்டையும் ஒருசேரப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மண்டியிட்டுக்கொண்டு பார்த்தாள்.

ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்குக் கோடு ஏறத் தொடங்கியது. ஒரு மணிக்கு ஒரு பள்ளம், அப்புறம் மறுபடி ஏற்றம். ஐந்து மணிக்குமேல் சரிந்து, இருட்டுவதற்குள் தரையோடு படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கப் படுத்தே கிடந்தது. அதென்ன காய், ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிற காய்? ஒரு மணிக்கு என்ன நடக்கிறது? ஒரு மணிக்கு அவள் டப்பாவைக் கழுவ வெளியே போவாள், காற்றோட்டத்துக்குக் கதவு திறந்திருக்கும். பதினைந்தாம் நாள் உச்சம் எத்தனை மணிக்கு? ஒன்றரை மணிக்கு, அவளும் பாப்பாவும் மூடிய அறைக்குள் கத்திக்கொண்டிருந்தபோது.

எழுந்து வெளியே போனாள், கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நடைவழியில் நின்றாள். திரும்பி வந்தபோது கோடு இறங்கியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். பேனா கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. அவள் மூச்சை விட விட, தொங்கிக்கொண்டிருந்த குழாய் அதை இழுத்து, தூங்குகிற காய்களின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது. காவல் இருக்க இருக்க அளவு ஏறியது, அளவு ஏற ஏற இன்னும் அதிக நேரம் காவல் இருந்தாள். ஒரு வாழைக்காய் மணிக்கு எவ்வளவு மூச்சு விடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவளுக்கு, தானும் மூச்சு விடுகிற ஜென்மம் என்பது பதினோரு நாளாக ஞாபகம் வரவில்லை. பாப்பா ஒன்றும் செய்யவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன.

மணி பன்னிரண்டு. இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

இந்த இடத்தில் மீட்டரம்மாவின் புத்தி போன போக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டேப்பைப் பிய்த்துவிட்டுக் குழாயை ஜன்னலில் மாட்டினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? இன்றிலிருந்து அளவு இறங்கிவிடும். பாப்பா வேலையை விட்டுப் போனதும் அளவு இறங்கியது என்று எல்லோரும் நம்புவார்கள். இருபத்தெட்டாம் நாள் காய்கள் பச்சையாகவே இருக்கும், அறிக்கையில் அவள் கையெழுத்தும் இருக்கும். அவள் கை டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டி, பாதிவரை உரித்தும்விட்டது.

உரித்தபோது ஜன்னல் வழியாகக் கீழே பெல்ட் தெரிந்தது. பாப்பா கையுறையோடு நின்று காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் கும்பலாகப் போய் உட்கார்ந்தார்கள். பாப்பா ஒரு தூணோரமாகத் தனியாக உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, சாப்பிடாமல் மூடி வைத்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மீட்டரம்மாவுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. டேப்பை விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் பாப்பா ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தாள். மீட்டரம்மா உட்காரவில்லை. சுருளை மேசைமேல் விரித்தாள்.

"சார், இவ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னோடது. குழாயை நான்தான் உள்ள இழுத்து விட்டேன். ஓட்டையை அடைச்சதும் நான்தான். ரூமை மூடிட்டு நாள் பூரா உள்ளயே ஒக்காந்திருந்தேன்."

"அப்போ காய் பழுக்கலையா?"

"இல்ல சார். காய் தூங்குது. மூச்சு விட்டதெல்லாம் நான்."

மேனேஜர் சுருளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் மாறியது.

"உங்க கோவத்துக்கு கிராஃப் போட்டுக் குடுத்திருக்கீங்க. பதினோரு நாள் அளவு குப்பை. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. பதவிப் பேச்சை இந்த வருஷம் எடுக்க வேண்டாம். இவங்க மேல எழுதுனதை வாபஸ் வாங்கி எழுத்துல குடுங்க." இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தைப் பாப்பாவிடம் நீட்டினார்.

பாப்பா சாவியை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையில் இருந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்தாள். திரையில் ஒரு போட்டோ: தொங்குகிற ரப்பர் குழாய், ஜன்னலில் பழுப்பு டேப். மேலே பதினைந்தாம் நாள் தேதி.

"டப்பாவை வச்சுட்டுப் போனன்னைக்கு, அவங்க அதைக் கழுவப் போனப்ப வாசல்ல நின்னு எடுத்தேன் சார். அவங்க சொல்லலேன்னா காட்டலாம்னு இருந்தேன்."

நடைவழியில் இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். மாடிப்படி அருகே மீட்டரம்மா நின்றாள்.

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா."

"எப்படிச் சொல்றது அண்ணி? குழாயப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? வேணும்னே உள்ள இழுத்து விட்டு என் தலையில பழியப் போடறீங்கன்னு நெனச்சேன். அதான் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன்."

"வேணும்னே பண்ணல."

"ம்."

"மன்னிச்சிரு. நான் பேசுனது, எழுதுனது எல்லாமே தப்பு."

பாப்பா சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு படி இறங்கினாள். அப்புறம் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா அண்ணி? நேத்து சாயந்திரம் என் போன் ஹால்ல சார்ஜுல இருந்துச்சு. அதோட லாக் நம்பர் உங்களுக்குத் தெரியும். இந்தப் போட்டோவப் பாத்துட்டுத்தானே இன்னைக்கு உண்மையச் சொன்னீங்க?"

"இல்ல."

"பாக்கலையா?"

"சத்தியமாப் பாக்கல பாப்பா. நானாத்தான் சொன்னேன்."

அவள் சொன்னது உண்மை. அதை நிரூபிக்க அவளிடம் ஒரு கோடுகூட இல்லை. பாப்பா இப்போது திரும்பி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். எண் சரியா என்று இன்னொரு தடவை கூட்டிப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"சரி, விடுங்க" என்றாள். "இனிமே போனை நான் என் ரூம்லயே சார்ஜ் போட்டுக்கறேன்."